நான்காவது பாகத்தின் மௌனம்

நேரேயோ தொசாத்தோ இரண்டு வருஷமாக ஒரு நகைச்சுவைப் படத்தைச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகம் இன்று காலை அவனுக்குப் பட்டம் கொடுக்கவிருந்தது.

படத்தொடரின் பெயர் ‘தீயணைப்பு சக்காரியா’. மொத்தம் ஐந்து பாகம். ஐந்திலும் சக்காரியா ஏணியிலிருந்து விழுவார். தண்ணீர்க் குழாய் எப்படியாவது பிஷப் பக்கம் திரும்பிவிடும். மேயர் ஏதாவதொரு மாவுத் தொட்டியில் போய் உட்காருவார். நேரேயோவின் அப்பா ஓட்டோனேவுக்கு ரொவீகோவில் குளியலறைச் சாமான் கடை. டிவியில் சக்காரியா வந்துவிட்டால் அவர் சோபாவிலிருந்து வழுக்கித் தரைக்கு வரும்வரை சிரிப்பார். சினிமா வரலாறு படிக்கிற மகனுக்கு இது பெரிய மானக்கேடு. அப்பாவை மாற்ற முடியாது, படத்தையாவது மாற்றிவிடலாம் என்று அவன் முடிவு செய்தான்.

அதற்கு வாகாக அகப்பட்டது நான்காவது பாகம். டிவியில் அது வருவதேயில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே அதன் டிஸ்க் கிடந்தது. போட்டுப் பார்த்தவன் ஆடிப்போய்விட்டான். மற்ற பாகங்களில் மூச்சுவிடாமல் முழங்குகிற பேண்டு இசை இதில் இல்லை. சக்காரியா விழுகிறார், ஒரு சத்தமும் இல்லை. பிஷப் நனைகிறார், மௌனம். மாவுக்குள் உட்கார்ந்திருக்கும் மேயரைப் பார்த்தால், பெற்றவர்களைப் பறிகொடுத்தவர்போல இருக்கிறார். நேரேயோவுக்குக் கண்கலங்கிவிட்டது. நாலு கோமாளிப் படங்களுக்கு நடுவே ஒரு மகா சோகக் காவியம் ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க இத்தாலி முழுக்கத் தன்னை விட்டால் ஆளில்லை!

‘ஓசையின்றி விழும் மனிதன்’ என்று ஆய்வேடு எழுதினான். வழிகாட்டி பேராசிரியர் மொராஸுத் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முழு மதிப்பெண்ணோடு ‘சிறப்பு’ம் கிடைத்தால் முனைவர் படிப்புக்குத் தன்னிடமே இடம் என்றார். அன்றிலிருந்து நேரேயோ கண்ணாடி முன்னால் பேராசிரியர்போல நெற்றியைச் சுருக்கிப் பழகி வந்தான்.

தேர்வு அறையில் ஐந்து பேராசிரியர்கள். பின்வரிசையில் புது டையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு அப்பா.

“இந்தப் பையன் மௌனத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கான்” என்று தொடங்கி மொராஸுத் தானே பாதி ஆய்வேட்டைச் சொல்லி முடித்தார். அடுத்து இரண்டாம் தேர்வாளர் இயோலே ஃபெர்ராட்ஸி அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு சின்னச் சந்தேகம். ஏணி சரியற இடத்துல ஊதுறாங்களே, அந்தப் பெரிய குழல். அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லையேப்பா?”

“குழலா மேடம்? இந்தப் படத்துல இசையே கிடையாது. அதுதான்… அதுதான் ஆய்வே.”

“கிடையாதா?” அம்மையார் ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கி வந்த பிரதியைத் திரையில் ஓடவிட்டார்.

சக்காரியா ஏணியில் கால் வைத்தார். ‘பூம்’ என்றது குழல். இன்னொரு படி. ‘பூம்’. ஏணி சரிந்தபோது அண்டா குண்டாவெல்லாம் மாடிப்படியில் உருண்ட சத்தம். அறை அதிர்ந்தது. பின்வரிசையிலிருந்து, நேரேயோ பிறந்தது முதல் கேட்டுப் பழகிய சிரிப்பு கிளம்பியது.

“இதெல்லாம் பின்னாடி வியாபாரிங்க சேர்த்தது!” என்று மொராஸுத் எழுந்தார்.

“இசையமைப்பாளர் பேரு டைட்டில்லயே இருக்கு சார். ஏம்பா, உங்க டிஸ்க்ல டைட்டில் ஓடுச்சா?”

“இல்ல மேடம். அது அடையாள மறுப்புன்னு… மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேன்.”

அம்மையார் தண்ணீர் குடித்தார். “அந்தக் காலத்துல பேச்சு, இசை, தடால் புடால் எல்லாத்தையும் ஸ்டுடியோவுல தனித்தனியா பதிவு பண்ணித்தான் கடைசியில சேர்ப்பாங்க. நீங்க பார்த்தது சேர்க்கறதுக்கு முந்தின வேலைப் பிரதி. பேச்சு மட்டும் இருக்கும். இது உங்களுக்கே தெரியுமே.”

தெரியும். அந்தப் பாடத்தில் அவன் முழு மதிப்பெண். நடத்தியவர் அம்மையார்தான்.

மொராஸுத் குனிந்து ரகசியக் குரலில் கயிறு வீசினார். “நேரேயோ, நீ தெரிஞ்சேதானே அந்தப் பிரதியை எடுத்துக்கிட்ட? ஆமான்னு சொல்லுப்பா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

ஆமாம் என்றால் சிறப்பு, முனைவர் படிப்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் தப்பிக்கும். நேரேயோ வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, இன்னும் ஓடிக்கொண்டிருந்த திரையில் மேயர் மாவுத் தொட்டியில் உட்கார்ந்தார். தொட்டிக்குள்ளிருந்து குழல் ஒரு நீண்ட, நாகரிகமில்லாத சத்தம் போட்டது.

இரண்டு வருஷத்துச் சிரிப்பு மொத்தமாக வெளியே வந்தது. நேரேயோ மேஜையைப் பிடித்துக்கொண்டான். “தெரியாது சார்” என்றான் மூச்சுத் திணறலோடு. “சத்தியமா எனக்குத் தெரியாது.”

தேர்ச்சி கொடுத்தார்கள். சிறப்பு இல்லை; சொல்லிக்கொள்ளும்படியான மதிப்பெண்ணும் இல்லை. இதே மௌனத்தைப் பற்றிய தன் சொந்தக் கட்டுரை ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு மொராஸுத் கைகொடுக்காமல் போனார்.

தெருவில் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். அறைத்தோழன் சவேரியோ நேரேயோவின் தலையில், பட்டம் வாங்கியவர்களுக்குப் போடும் லாரல் இலை வளையத்தை அழுத்தி, இடுப்பில் பிஷப் பாவாடையைச் சுற்றி, அவனை நாற்காலி மேல் ஏற்றினான். எதிர்ச்சுவரில் ஆளுயரச் சுவரொட்டி. நண்பர்கள் எழுதிய கேலியைப் பட்டம் வாங்கியவனே ஊர் கேட்கப் படிக்க வேண்டும், ஒரு சொல் பிசகினால் ஒரு மடக்கு ஒயின். பாதுவாவில் இதிலிருந்து யாரும் தப்பியதில்லை.

“படிங்க டாக்டரே!” பட்டம் வாங்கிய எவரும் அந்த ஊரில் டாக்டர்தான்.

“படம் பார்க்கப் போனாலும் பாடம் நடத்தும் பாவி நான், பக்கத்தில் எவன் சிரித்தாலும் முறைக்கின்ற ஆவி நான்” என்று நேரேயோ தொடங்கினான். அடுத்த வரி: காதுக்கு எட்டாத மௌனத்தைக் கேட்டவன். அவன் அதை மாற்றிப் படித்தான். “காதுக்கு எட்ட வேண்டிய குழலைக் கோட்டைவிட்டவன்.”

“மாப்ள, எழுதியிருக்கறத படிடா! குடி!”

குடித்தான். ‘மேதை’ என்றிருந்த இடத்தில் ‘செவிடு’ என்றான். குடித்தான். ‘அரிய பிரதி’யை ‘அரைகுறைப் பிரதி’ ஆக்கினான். உண்மைக்கு ஒரு மடக்கு வீதம் குடித்துக்கொண்டே வந்ததில் நாற்காலி லேசாக அசையத் தொடங்கியது.

“டேய், உன்னைக் கேலி பண்ண நாங்க ஒரு மாசம் உக்காந்து எழுதினோம்டா” என்றான் சவேரியோ மனம் நொந்து. “நீயே எங்களைவிட நல்லா பண்ணா எப்படி?”

கூட்டத்தின் ஓரத்தில், டையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். கடைசி வரிகள் இப்படி இருந்தன: அப்பா சிரித்தால் அறையைவிட்டு ஓடுவேன், அவர் மகனா என்றால் முகத்தை நான் மூடுவேன்.

“அப்பா சிரித்தால்…” என்று நேரேயோ படித்தான். நிறுத்தினான். “அறையிலேயே உட்காருவேன். இடமிருந்தால் சோபாவில்.”

“இயைபும் போச்சு!” என்று கத்தினான் சவேரியோ. “ரெண்டு மடக்கு!”

“ஊத்தாதீங்கப்பா” என்று அப்பா முன்னால் வந்தார். “திரும்பிப் போறப்போ அவன்தான் வண்டி ஓட்டணும். எனக்கு மேயர் ஞாபகம் வந்தா சிரிப்புல ஸ்டியரிங் நிக்காது.”

விதி விதிதான் என்றான் சவேரியோ. நேரேயோ ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மிச்ச ஒரு மடக்கை அப்பாவிடம் நீட்டினான். “ரயில்ல போயிக்கலாம்ப்பா.”