முதலாளி தொட்டால் அணையும் லேப்டாப்

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி முதலாளி ஆபித் பாஷா 2008இல் ஒரு லேப்டாப் வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? "மெயில்லாம் இனிமே நானே அடிச்சிக்கிறேன். மாசக் கடைசியோட நீ நின்னுக்கோ கிரேஸி," என்றார். டைப்பிஸ்ட் வேலையில்தான் என் வீட்டு அடுப்பே எரிகிறது.

ஆனால் கர்த்தர் இருக்கிறார். முதலாளி கை வைத்ததும் திரை பொட்டென்று அணைந்தது. நான் தட்டினால் வந்தது. அவர் உட்கார்ந்தால் மறுபடி இருட்டு.

வேலூரிலிருந்து மெக்கானிக் நவீத் வந்தான். சார்ஜரை மாற்றினான், பேட்டரியை மாற்றினான், சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கி வேறு வைத்தான். அவன் தட்டினால் ஜம்மென்று ஓடியது.

"உங்க உடம்புல கரண்ட் ஜாஸ்தி முதலாளி," என்று சொல்லி, அவரை ஷூ சோல் ரப்பர் மேல் நிற்கவைத்து, கைக்குத் தோல் கிளவுஸ் மாட்டினான். முதலாளி அந்தக் கோலத்தில் ஒரு எழுத்து அடித்தார். அணைந்தது. கிளவுஸைக் கழற்றும்போதுதான், பிரஷருக்காக அவர் மணிக்கட்டில் போட்டிருந்த காந்தக் காப்பை நவீத் பார்த்தான்.

என்னை வெளியே கூப்பிட்டான். "அக்கா, மூடினா தூங்குறதுக்கு லேப்டாப் உள்ள ஒரு சென்சார் இருக்கு. காந்தம் கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு நெனச்சிக்குது. காப்பைக் கழட்டச் சொல்லிட்றேன்."

"சொல்லு ராஜா. அந்தக் காப்பை ஊரெல்லாம் விக்கிறதே அவர் சம்சாரம்தான்."

அவன் முகம் செத்துவிட்டது. உள்ளே போய், "அக்கா கைதான் இதுக்கு ராசி முதலாளி," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். அன்றிலிருந்து முதலாளி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வேலை தப்பியது.

ஒரு நாள் அவர் சம்சாரம் ரஃபத் ஜஹான் மேடம் வந்தார். "உன்னால அவருக்கு டென்ஷன் கம்மியாய்டிச்சி," என்று என் கையிலும் ஒரு காப்பை மாட்டிவிட்டார். ஐயோ! அவர் போனதும் பாத்ரூமுக்கு ஓடி அதைக் காலுக்கு மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் மேடம் வந்து, "காப்பு எங்க?" என்றார். புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

"இன்னாது, கால்லயா?"

என் வாய் சும்மா இருக்குமா? "கால்ல போட்டா டபுள் பவர் மேடம். எங்க சர்ச் நர்ஸே சொன்னாங்க."

மேடம் நேராக உள்ளே போய், முதலாளியின் காப்பைக் கழற்றி அவர் காலில் மாட்டிவிட்டார். முதலாளி சும்மா கீபோர்டைத் தட்டினார். திரை எரிந்தபடியே இருந்தது. இன்னும் தட்டினார். "ஏய் கிரேஸி, ஓடுது! நீ நாளையிலிருந்தே வர வேணாம்!" என்று குழந்தை மாதிரி குதித்தார்.

பாவி, என் வாயாலேயே கெட்டேன்.

புருஷனும் பெண்டாட்டியும் குனிந்து அந்தக் காலை ரசித்துக்கொண்டிருந்தார்கள். நான் மெல்ல என் காப்பைக் கழற்றி, லேப்டாப் ஓரத்துக்கு அடியில் தள்ளினேன்.

"போய்டிச்சி! மறுபடி போய்டிச்சி!" என்று முதலாளி அலறினார்.

"நகருங்க முதலாளி," என்றேன்.