எட்டரை மணிப் பூசை

சாதுவான ஆளோடு சண்டை போடுவது போலச் சலிப்பான காரியம் உலகத்தில் வேறு இல்லை. முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள் சொல்கிறேன். நாம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு உட்காருவோம். எங்கள் வீட்டுக்காரர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து நம் கையில் கொடுப்பார். குடித்துவிட்டு மறுபடியும் எப்படிக் கத்துவது?

வண்டியூரில் எங்கள் சூசையப்பர் கோயிலுக்கு அவர்தான் கோயில்பிள்ளை. பீடத்துக்கு விரிப்பு மாற்றுவது, மெழுகுதிரி ஏற்றுவது, சாமியார் வரும் நாட்களில் பூசைக்கு மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. எங்கள் தெருவில் ஒருவரிடமும் கடிகாரம் கிடையாது. சாமியாரிடம் இருந்த ஒன்றையும் வைகையைக் கடக்கும்போது தண்ணீருக்குள் போட்டுவிட்டார். ஆகையால் கோயில் உள்ளறையில் மாட்டியிருந்த சுவர்க்கடிகாரமும், இவர் பிடித்து இழுக்கும் கயிறும்தான் எங்களுக்கு நேரம். எண்ணி முப்பது அடி அடிப்பார். மணி ஓய்ந்ததும் சாமியார் பீடத்துக்கு வருவார். அதற்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைக்கமாட்டார்.

எங்கள் ஒரே மகள் மதலேனுக்குக் கல்யாணம் கூடி வந்தது 1938இல். அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊரார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி நான் பாதி ஆளாகியிருந்தேன். முதலில் வந்த சம்பந்தக்காரர்கள், அவர்களும் எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான், ஜாதகம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்கள். இவர் உள்ளே போய் ஞானஸ்நானச் சீட்டை எடுத்து வந்து நீட்டினார். போனவர்கள் போனவர்கள்தான். அடுத்து வந்தவர்கள், ஊரில் கேட்டால் பெண்ணுக்கு மூன்று வயது குறைத்துச் சொல்லுங்கள் என்றார்கள். "எம்மக பொறந்த வருஷம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க" என்றார் இவர். அதுவும் போயிற்று. இரண்டு தடவையும் மதலேன் மாவாட்டப் போய்விட்டாள். அவள் அழுவதற்கு ஆட்டுக்கல் சத்தம் வேண்டியிருந்தது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா?

மூன்றாவதாக வந்தது சோழவந்தான் சம்பந்தம். மாப்பிள்ளை சவரிராயன் பள்ளிக்கூட வாத்தியார். தகப்பன் இல்லாத பிள்ளை. வளர்த்து ஆளாக்கியது பெரியப்பா ராயப்பன். அவருக்குச் சொந்தமாக வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று சவரிராயன் கையில் இருந்த காப்பியை மறந்து மதலேனையே பார்த்துக்கொண்டிருந்தான். காப்பியில் ஆடை படிந்துவிட்டது. அந்த நிமிடமே எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பூசையும் தாலி கட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மாப்பிள்ளை வீட்டார் மாட்டுவண்டிகளில் வந்து கோயிலுக்கு அடுத்த தெருவில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இறங்கினார்கள். சாயங்காலம் ராயப்பன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கு ஏழரையில இருந்து ஒம்பது வரைக்கும் ராகு காலம்."

"சரிண்ணே" என்றார் இவர்.

"நாம வேதக்காரவுகதான், இல்லேங்கல. ஆனா கொடிக்கால்ல ஒரு கொடி நடுறதுக்கே நேரம் பாக்குறோம். இது ஒரு புள்ளையோட வாழ்க்கை. சாமியார்ட்டச் சொன்னா வைவாரு. நீங்க மணிய ஒம்பதுக்கு அடிச்சாப் போதும். அரை மணி நேரந்தான, யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணே."

"கயிறு இத்துப்போச்சு, மாத்திக்கிட்டு இருந்தேன்னு சொல்லுங்க."

"கயிறு நல்லாத்தானே இருக்கு."

ராயப்பன் எழுந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. சொந்தத் தம்பி அற்பாயுசில் போனதைப் பார்த்தவர், பிள்ளைக்கு எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று பயந்தார். "ஒம்பதுக்கு முன்னால எங்க புள்ள கோயில் வாசலை மிதிக்கமாட்டான். யோசிச்சுச் சொல்லி அனுப்புங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அப்புறம் நான் கத்திய கத்து தெப்பக்குளத்து அக்கரைக்குக் கேட்டிருக்கும். "அரை மணி நேரத்துக்காக மகளை ஆயுசுக்கும் வீட்டுல வச்சுக்கப் போறீகளா? சாமி என்ன, கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டா உக்காந்திருக்காரு?" என்றுகூடக் கேட்டேன்.

இவர் தண்ணீர் கொண்டு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. "இன்னாசி, நேரத்தையெல்லாம் படைச்சது ஆண்டவரு. அதுல ஒண்ணுக்குப் பயந்து, அந்தப் பயத்தை மறைக்க ஒரு பொய்யும் சொல்லி, அவரு சந்நிதியிலயே எம்புள்ளைக்குத் தாலி கட்டச் சொல்றியா? அவ கல்யாணத்தைப் பாக்க எனக்கு ஆசை இருக்காதா?" என்றார்.

ஆசை இருந்தால் ஒன்பதுக்கு அடிக்க வேண்டியதுதானே என்று எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ராயப்பனைக் கூப்பிட்டு, "அவுக சம்மதிச்சுட்டாகண்ணே. ஒம்பதுக்குத்தான் மணி" என்று சொல்லிவிட்டு வந்தேன். விடிவதற்குள் இவர் மனசைக் கரைத்துவிடலாம் என்று நினைத்தேன். கரையாவிட்டால் கடிகாரத்து முள்ளைத் திருப்பி வைத்துவிடுவது என்றும் நினைத்தேன். காலையில் உள்ளறைக்குப் போனால் இவர் எனக்கு முன்னால் வந்து கடிகாரத்துக்குக் கீழேயே உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டேகாலுக்குச் சனம் வந்துவிட்டது. மதலேன் முதல் வரிசையில் முக்காட்டோடு முழந்தாளில் இருந்தாள். மாப்பிள்ளை பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. இவர் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, ராயப்பனிடம் ஒன்பது மணி என்று நான் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். "உங்க பேர்ல சொல்லிட்டேன். கொஞ்சம் பொறுங்க, அவுக வந்துரட்டும்."

முப்பது வருஷத்தில் அந்த முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. "போயி உண்மையைச் சொல்லிட்டு வா" என்றார்.

"நீங்க பொறுப்பீகளா?"

"மாட்டேன். எட்டரை ஆயிருச்சு" என்று கயிற்றை இழுத்தார்.

நான் ஓடினேன். கல்யாணத்துக்கு உடுத்திய பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, மகள் கல்யாணத்தன்று தெருவில் ஓடிய ஒரே அம்மா நான்தான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் ராயப்பன் நின்றிருந்தார். "என்னம்மா இது? ஒம்பதுன்னு சொன்னீக!"

"பொய் சொன்னேண்ணே. அவுக சம்மதிக்கவே இல்ல. நானாத்தான் சொன்னேன். இப்ப அடிக்கிறதுதான் பூசை மணி." அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது மறைவுக்கு ஒரு திரையாவது உண்டு. அன்றைக்கு அதுவும் இல்லை.

உள்ளேயிருந்து சவரிராயன் வந்தான். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. "நாங்க வராமப் போயிருவோம்னு தெரிஞ்சுமா மாமா அடிக்கிறாரு?" என்றான்.

"தெரிஞ்சுதான் தம்பி."

அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மணி இன்னும் ஓயவில்லை. முப்பது அடி எப்போதோ தாண்டியிருக்கும். அது அடித்துக்கொண்டே இருந்தது. நேரத்துக்குத் தொடங்கிவிட்டார், நிறுத்தத்தான் அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்காகத்தான் தம்பி அடிக்கிறாரு. அவரு நிறுத்தினா சாமியாரு பீடத்துக்கு வந்துருவாரு" என்றேன்.

சவரிராயன் பெரியப்பாவின் கையைப் பிடித்தான். "பெரியப்பா, நான் போறேன். நீங்களும் வரணும். நீங்க இல்லாம நின்னா எனக்கு நல்லாருக்காது. ஆனா பயந்துக்கிட்டு உக்காந்துட்டு அப்புறமாப் போயி அந்தப் புள்ளைக்குத் தாலி கட்ட என்னால முடியாது." இன்னொரு செருப்பைத் தேடாமல், போட்டிருந்ததையும் கழற்றிவிட்டு நடந்தான்.

ராயப்பன் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோயில் பக்கம் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "எல்லாரும் கிளம்புங்கப்பா" என்று திரும்பிச் சத்தம் போட்டார். "அந்த மனுசன் கைய ஒடிச்சுக்கிறதுக்குள்ள போயிச் சேருவோம்."

நாங்கள் வாசலில் நுழைந்ததும் மணி ஓய்ந்தது. சாமியார் உள்ளறைக் கதவருகே நின்றிருந்தார். "என்ன தனிஸ்லாஸ், ஊர்ல எங்கயும் தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல சாமி. மாப்பிள்ளை வார வரைக்கும் அடிச்சேன்."

"எட்டரைக்குத்தான தொடங்குன?"

"ஆமா சாமி."

"அப்பச் சரி" என்று சாமியார் பீடத்துக்குப் போனார்.

தாலி கழுத்தில் ஏறும்போது உள்ளறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். ஒன்பதாக ஒன்பது நிமிடம் இருந்தது. ராயப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவுக்கு அருள் நிறை மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மதலேன் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அன்று பூசையில் நான் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கவில்லை. முந்தின நாள் சொன்ன பொய்க்குச் சாமியாரிடம் முறையாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பந்தலில் பந்தி போட்டார்கள். சம்பந்தி வரிசைக்கு எதிரே இவரை உட்கார வைத்தோம். இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். என் மேல் உள்ள கோபத்தில் சாப்பிட மறுக்கிறார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று குனிந்தபோதுதான் கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு தோலை உரித்திருந்தது. உப்பும் புளியும் பட்டால் எப்படி எரியும்!

இவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சோற்றைப் பிசைந்து உருட்டினேன்.

"எல்லாரும் பாக்குறாக இன்னாசி" என்றார் கூச்சத்தோடு.

"பாக்கட்டும். வாயைத் தெறங்க."

எதிர் வரிசையில் ராயப்பன் சட்டென்று தலையைக் குனிந்து தன் இலையைப் பார்த்துக்கொண்டார். இவர் வாயைத் திறந்தார். ஊட்டினேன். என் கண்ணீர் இலையில் விழுந்தது, துடைக்கக் கை இல்லை.

"எம்மேல கோவமா?" என்று காதோடு கேட்டேன்.

"கோவந்தான்" என்றார். மென்று விழுங்கினார். "இன்னொரு உருண்டை குடு."