சோப்புக்கடையில் அப்பாவின் பெயர்

எங்கள் தையல் நிறுவனத்தின் பெயர் என் அப்பாவின் பெயர்தான். உடுத்துகிறவருக்கு மட்டும் தெரியும்படி கழுத்தின் உட்புறத்தில் அதைக் கையால் தைப்போம். அந்தப் பெயரை என் தங்கை ஒரு மலிவு விலை அங்காடியோடு கூட்டுச் சேர்த்தாள். நுழைந்தவுடன் சோப்பும் துடைப்பமும் அடுக்கி வைத்திருக்கும் கடை அது. நூற்றுப்பத்துக் கிளைகள் வேறு.

உடைகளை வடிவமைப்பவள் அவள். பத்திரிகையில் வருவதும் அவள் படமே. துணி வெட்டுவது நான்.

"சோப்பு வாங்க வர்றவங்க கூடையில நம்ம அப்பா பேரா?" என்றேன்.

"அவங்களும் மனுஷங்கதானே அண்ணா. வருஷத்துக்கு அறுபது பேருக்கு மட்டும் தைச்சு யாருக்குப் பெருமை?"

"எனக்கு."

"அதான் பிரச்சினையே."

அப்பா வரைந்த ஒரு மேல்சட்டையைத் தேர்ந்தெடுத்தாள். அதன் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம், பன்னிரண்டு தாள்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுருட்டி, அங்காடியின் ஆலைக்கு அனுப்பினாள்.

எங்கள் நிறுவனத் தாளில் உள்ள கோடு, ஊசி போகும் வழி. தையலுக்கு விடவேண்டிய துணியை வெட்டுபவரே கோட்டுக்கு வெளியே குறித்துக்கொள்வார். அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தாளில் போடுவதில்லை. ஆலையிலோ கோடு என்றால் கத்தரி போகும் வழி. அங்கே வெட்டி, அதற்கும் உள்ளே தைத்தால் சட்டை குறுகிப்போகும். கத்தரி பிடித்துப் பழகாத தங்கைக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. மாதிரிச் சட்டையைப் பார்த்ததும் அங்காடிக்காரர்களே முகம் சுளித்து விலகட்டும் என்று இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அங்காடியின் கொள்முதல் அதிகாரி மாதிரிச் சட்டையோடும் அப்பாவின் தாள்களோடும் எங்கள் தையல்கூடத்துக்கு வந்தார். அதை உடுத்திக் காட்ட ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கையைத் தூக்கச் சொன்னார்.

"தூக்கினா கிழிஞ்சிடும் சார்" என்றாள் அவள்.

தங்கையின் முகம் வெளுத்தது. எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. எங்க ஆலையில கோடு பிசகாமத்தான் வெட்டியிருக்காங்க. உங்கப்பா வரைஞ்சதுலதான் கோளாறு. அந்தக் காலத்து ஆளு, அளவு சரியாத் தெரிஞ்சிருக்காது. எங்க பசங்க திருத்திக்குவாங்க. எங்களுக்குப் பேரு மட்டும் போதும்."

எங்கள் தையல்காரர்கள் எட்டுப் பேரும் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அந்தத் தாளைக் குடுங்க" என்றேன்.

மேசையில் விரித்தேன். அப்பாவின் கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு இழுத்தேன். "இதுல வெட்டணும். உள்ள இருக்கிறதுல தைக்கணும். எங்கப்பாவுக்கு அளவு தெரியும். உங்க ஆலைக்குத்தான் படிக்கத் தெரியலை."

அடுத்தடுத்த தாள்களிலும் இழுத்தேன். நூற்றுப்பத்துக் கிளைகளுக்கும் நானே வழி போட்டுக் கொடுத்துவிட்டேன் என்பது கடைசித் தாளில்தான் உறைத்தது.

அதிகாரி ஆலையோடு பேச வெளியே போனார். தங்கை என் அருகே வந்தாள்.

"தெரிஞ்சேதான் அனுப்ப விட்டீங்களா?"

"நீ கேக்கலையே."

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒருத்தர் நம்ம இடத்துல நின்னு சொல்லிட்டார். சொல்ல வெச்சது நான் இல்லை, நீங்க."

நான் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

அதிகாரி திரும்பி வந்தார். "சரிபார்த்ததா ஒவ்வொரு தாள்லயும் ஒருத்தர் கையெழுத்து வேணும்."

"எங்க அண்ணன் போடுவார்" என்றாள் தங்கை. பிறகு என்னிடம், "முடியாதுன்னா சொல்லுங்க. பழைய பேட்டர்ன் தப்பு, நாங்களே திருத்தினோம்னு அவங்க எழுதிக்கட்டும்."

பன்னிரண்டிலும் போட்டேன்.

"இப்ப நீங்களும் இதுல கூட்டாளிதான் அண்ணா" என்று பேனாவுக்காகக் கை நீட்டினாள். நான் அதை அவள் கையில் கொடுக்காமல் மூடி மேசைமேல் வைத்தேன்.