கை தூக்காத பெண்

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கட்சித் தலைவர் வந்து சேரும்போது சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. சூளகிரியை ஒட்டிய அந்த அரசுப் பள்ளியின் மைதானத்தில், காலையிலிருந்து வெயிலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இரண்டு முறை தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை சுகுணா. அவரும் நின்றுகொண்டேதான் இருந்தார். புதிய வகுப்பறைக் கட்டடத்தைத் தலைவர் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் கல்வித்துறை மேலதிகாரி போனில் சொல்லியிருந்தார்.

தலைவர் போகவில்லை. மைக்கைப் பிடித்தார். படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், பிறகு கட்சியைப் பற்றி நிறையப் பேசினார். கடைசியில், "வீட்டுக்குப் போயி அப்பா அம்மாகிட்ட நமக்குத்தான் ஓட்டுப் போடணும்னு சொல்லுவீங்களா? சொல்றவங்க கை தூக்குங்க" என்றார்.

பசியில் இருந்த பிள்ளைகள் சட்டென்று கை தூக்கினார்கள். முன்வரிசையில் எட்டாம் வகுப்பு சுஹைனா மட்டும் தூக்கவில்லை.

"ஏம்மா, நீ சொல்ல மாட்டியா?"

அவள் எழுந்து நின்றாள். "எங்கம்மா யாருக்குப் போடறாங்கன்னு எங்கப்பாகிட்டயே சொல்ல மாட்டாங்க சார். நான் சொன்னா திட்டுவாங்க."

மைதானமே சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் அந்தக் காட்சி எல்லார் செல்போனிலும் ஓடியது. பள்ளிக்கூடத்தில் ஓட்டுக் கேட்கலாமா என்று ஒரு பக்கம் கொதித்தார்கள். டீச்சர்கள் சொல்லிக்கொடுத்துத்தான் அந்தப் பெண் அப்படிப் பேசினாள் என்று இன்னொரு பக்கம் எழுதினார்கள். அவள் பெயரைக் கண்டுபிடித்ததும், பெயரை வைத்து வேறு என்னென்னவோ எழுதினார்கள். தொலைக்காட்சியில் நான்கு பேர் உட்கார்ந்து சத்தம் போட்டார்கள். சுகுணா சத்தத்தைக் குறைத்துவிட்டு, தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார்.

மறுநாள் சுஹைனா பள்ளிக்கு வரவில்லை. மேலதிகாரி போனில் கூப்பிட்டார். "உங்களை யாரும்மா மைக் கொடுக்கச் சொன்னது?"

"நீங்கதான சார் நிகழ்ச்சியை நடத்தச் சொன்னீங்க?"

"நான் சொன்னேன்னு எங்கயாவது இருக்குதா?"

சுகுணா போனை வைத்தார்.

மதியம் தலைவரின் கட்சிக்காரர் ராஜப்பன் வந்தார். குரல் தணிவாகத்தான் இருந்தது. "ஒண்ணும் பெருசா வேணாங்க மேடம். தப்பாப் பேசிட்டேன்னு அந்தப் பாப்பா ஒரு நிமிசம் சொல்லட்டும். வீடியோ எடுத்துப் போட்டுட்டா இத்தோட முடிஞ்சுது."

அவர் போன கொஞ்ச நேரத்தில் எதிர்த்தரப்பிலிருந்து குருமூர்த்தி, சால்வையோடு வந்தார். சுஹைனாவுக்குப் பாராட்டு விழாவாம், பள்ளி வாசலிலேயே.

"ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தாங்க. பாப்பாவை விட்டுருங்க" என்றார் சுகுணா.

சாயங்காலம் சுஹைனாவின் வீட்டுக்குப் போனார். அவள் அம்மா சுக்ரா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

"உள்ள வந்துருங்க டீச்சர். வாசல்ல நின்னா அதையும் போட்டோ புடிப்பாங்க." கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "சூப்பர்வைசர் கேக்கறாரு, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க கேக்கறாங்க. இவ அப்பா கடைக்கு நேத்துலருந்து சாமான் வாங்க வர்றவங்களைவிட வேடிக்கை பாக்க வர்றவங்கதான் அதிகம். ராஜப்பன் எங்களுக்கும் போன் பண்ணிட்டாரு. அந்த வீடியோவை எடுத்துக்கட்டும் டீச்சர். மன்னிப்புதான, கேட்டுட்டுப் போறா. எனக்குத் தூங்கணும்."

"அவ என்ன தப்பு பண்ணினா சுக்ரா?"

"தப்பு பண்ணினவங்கதான் மன்னிப்புக் கேக்கறாங்களா டீச்சர்?"

சுகுணா, "நிகழ்ச்சி என் பொறுப்புல நடந்துச்சுன்னு நான் எழுதிக் கொடுத்துடறேன். அவங்களுக்குப் பழி போட யாராச்சும் ஒருத்தர் வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். இவளை நாளைக்கு அனுப்பி வைங்க" என்றார்.

சுக்ரா அடுப்பில் டீ வைத்தாள்.

சுகுணா அன்று இரவே எழுதி, காலையில் மேலதிகாரிக்கு அனுப்பினார். வார இறுதிக்குள் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அதற்குள் தொலைக்காட்சியில் வேறு ஏதோ சண்டைக்குப் போய்விட்டார்கள். ராஜப்பனும் வரவில்லை, குருமூர்த்தியும் வரவில்லை.

கடைசி நாள் மதியம் சத்துணவுக் கூடத்துக்கு வெளியே சுஹைனா தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். சுகுணா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பயமா இருக்குதா?"

"இல்ல மிஸ். எல்லாரும் அதையே கேக்கறாங்க. அலுப்பா இருக்குது."

"எனக்குந்தான்" என்றார் சுகுணா.

சுஹைனா கொஞ்சம் நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் கொடுத்தாள்.