தூக்கில் தொங்கியவனிடம் நீட்டிய பிள்ளை

மழைக்கு முன் தூக்கில் போட்ட ஆள், மழை ஓய்ந்த பின் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிவெயிலில் போஸோ அமார்கோ ஊரின் ஒரே தெருவில் குதிரையேறி வந்தான். கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. முதலில் பார்த்தவள் தோமித்திலா. ஒன்பது மாதப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கண் கூசுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மண்ணில் குதிரையின் நிழல் விழுந்தது, அவன் நிழல் விழவில்லை.

அவனைக் கொன்ற கதை ஊருக்கே தெரியும், வாய் திறக்கத்தான் ஆளில்லை. ஒரு செவலைக் குதிரை காணாமல் போனது. அன்றைக்குப் பார்த்து முன்பின் தெரியாத அவன் அந்தப் பக்கம் வந்தான். குற்றம் அவ்வளவுதான். பாவம் ஒருவன் தலையில் மட்டும் விழக்கூடாதென்று மூன்று பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள்: ஊர் அதிகாரி எவாரிஸ்தோ, சாராயக்கடை சிப்ரியானோ, தோமித்திலாவின் புருஷன் லிப்ராதோ. ஐந்தாம் நாள் செவலை தானாகவே வீடு திரும்பித் தண்ணீர் குடித்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே ஊர் முழுக்கவே மட்டு. செத்தவனிடம் பேர்கூடக் கேட்டிருக்கவில்லை.

எவாரிஸ்தோ துப்பாக்கியோடு தெருவுக்கு வந்தார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"என்னடா, கயித்தக் காட்டிப் பயமுறுத்துறியா? ஒரு தடவ செத்தது பத்தலயா?"

மூன்று முறை சுட்டார். மூன்றும் நெஞ்சில்தான் பட்டன. ரத்தம் வரவில்லை. கிழிந்த சாக்கிலிருந்து கொட்டுவதுபோல ஓட்டைகளிலிருந்து காய்ந்த மணல் கொட்டியது. அவன் ஒரே முறை சுட்டான். எவாரிஸ்தோ தொப்பி கழலாமல் அப்படியே மடிந்து விழுந்தார். சிப்ரியானோ மெஸ்கால் சாராயப் பீப்பாய்க்குப் பின்னால் ஒளிந்தான். குண்டு பீப்பாயைத் துளைத்து அவனையும் துளைத்தது. சாராயமும் ரத்தமும் கலந்து வாசற்படி வழியே ஒழுகின.

பிறகு குதிரை தோமித்திலாவின் வீட்டை நோக்கித் திரும்பியது.

கட்டிலுக்கு அடியிலிருந்து லிப்ராதோவின் குரல் வந்தது. "தோமி, நான் இல்லன்னு சொல்லு! சந்தைக்குப் போயிருக்கேன்னு சொல்லு!"

"செத்தவன்கிட்டயே பொய் சொல்லச் சொல்றியா? வாய மூடிட்டுக் கெட."

கோழைதான். ஆனாலும் இந்தப் பிள்ளை பிறக்க அவள் மூன்று நாள் துடித்தபோது, கையை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே அழுதவன். அவனைச் சாகக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் அது தோன்றியது. வருஷத்துக்கு ஒரு முறை வரும் பாதிரியார் இந்த வருஷம் வரவில்லை; பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அந்த நாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையை நீட்டி, ஞானத்தகப்பனாக நில் என்று கேட்டால் எவனும் மறுக்கக்கூடாது. கொள்ளைக்காரன்கூட மறுத்ததில்லை. பிள்ளை தலையில் தண்ணீர் விழுந்த நொடியிலிருந்து பெற்றவனும் அவனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, கூடப்பிறந்தவனுக்கும் மேலான உறவு; பெற்றவள் அவனுக்குக் கொமாத்ரே. கூடப்பிறந்தவனை வெட்டியவனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, கொம்பாத்ரே மேல் கை வைத்தவனுக்குக் கிடையாது.

பிள்ளையை எடுத்துக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றாள்.

"ஐயா, எறங்குங்க. பாதிரியாரக் காணோம், பிள்ளைக்கு இன்னும் தண்ணி ஊத்தல. நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்."

நெரிபட்ட தொண்டையிலிருந்து குரல் உரசிக்கொண்டு வந்தது. "என்னத் தொங்கவிட்டவன் பிள்ளம்மா இது."

"பிள்ள கயிறு இழுக்கலயே ஐயா."

ஜன்னல்களுக்குப் பின்னால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் குதிரையிலிருந்து இறங்கினான். துப்பாக்கியைச் சேணத்தில் தொங்கவிட்டான், தொப்பியைக் கழற்றினான், இரண்டு கைகளையும் நீட்டினான். தோல் வற்றி எலும்பு தெரிந்த கைகள். பிள்ளை அவற்றுக்குள் போய்ச் சிரித்தது. கழுத்துக் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்தது. தோமித்திலாவுக்கு உயிரே போய்விட்டது. அவன் குனிந்து கொடுத்தான்.

குதிரைத் தொட்டியிலிருந்து கை நிறையத் தண்ணீர் அள்ளினாள். "என்ன பேரு வைக்கட்டும்?"

"ருஃபினோ. என் பேரு. இந்த ஊர்ல யாரும் கேக்கல."

அவள் உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட அவள் இப்படி நின்றதில்லை. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஊற்றினாள்.

"கொமாத்ரே, வீட்டுக்காரர வெளிய வரச் சொல்லுங்க. அவருக்கும் எனக்கும் இனிப் பகையில்ல."

அந்த வார்த்தை லிப்ராதோவுக்கும் கேட்டது. கேட்டுவிட்டுத்தான், ஜன்னல் வழியே துப்பாக்கியை நீட்டிச் சுட்டான். பிள்ளை இன்னும் ஞானத்தகப்பன் கையில்தான் இருந்தது.

செத்தவன் சட்டென்று திரும்பி, பிள்ளையை மார்போடு மூடிக்கொண்டு முதுகைக் காட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு குண்டுக்கும் முதுகிலிருந்து மணல் சரிந்தது. சேணத்துத் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவன் அதைத் தொடவில்லை. குண்டுகள் தீர்ந்த பிறகு பிள்ளையை அவளிடம் கொடுத்து, அதன் தலைமுடியில் ஒட்டிய மணலை ஒற்றை விரலால் தட்டிவிட்டான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, கொமாத்ரே."

"நீங்க திருப்பிச் சுடலயே?"

"கொம்பாத்ரேவ எப்படிச் சுடுறது?"

உயிரோடு இருக்கிற எவனிடமும் அவள் இதைப் பார்த்ததில்லை. மண்டியிடத் தோன்றியது. மண்டியிடவில்லை. பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "மக்தலேனாவுல எங்கக்கா வீடு இருக்கு. அதுவரைக்கும் தொணைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள்.

அவன் அவளைக் குதிரையில் ஏற்றிவிட்டு, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

லிப்ராதோ வாசலுக்கு ஓடிவந்தான். "தோமி! எங்கடி போற? அவனுக்குப் பயந்துதான்டி சுட்டேன்! நான் உயிரோடதான இருக்கேன்!"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா. உன் உசுரக் கேட்டேன், குடுத்துட்டாரு. நீயே வச்சுக்கோ."