பிரித்துத் தைத்த ஓரம்

மாமா, வாசலில் நிறுத்தியிருந்த படகின் மேல் புதுக் கூடாரத்தை இழுத்துப் பொருத்தியபோது, இடது பக்கத்துப் பிரஸ் பட்டன்கள் மூன்று விரல் அகலத்துக்கு எட்டவில்லை. பழைய கூடாரத்துக் கான்வாஸைப் புதுத் துணியின் மேலே விரித்து, அந்த அளவுக்கே வெட்டியிருந்தார். பத்து வருட வெயிலில் அது சுருங்கிப்போன துணி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் ஒரு நூல் பிசகினால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர்.

வீட்டிலேயே தையல்காரி இருக்கிறாள், அவர் மனைவி, என் அக்கா. அவளிடம் போய் நிற்க முடியாது. போன மழைக்காலத்தில் ஏரிக்குப் படகில் போய் நனைந்து வந்தவள் ஒரு மாதம் இருமினாள். எழுந்து உட்கார்ந்ததும், "அந்தப் படகை வித்துடுங்க" என்றாள். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். கூடாரம் போட்டு, அவளை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் அடித்துப் பார்ப்பது; ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் விற்றுவிடுவது. தைப்பதும் தானேதான் என்று வீறாப்பு வேறு.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய மிஷினிலேயே உட்கார்ந்தார். அகலமாக விட்டிருந்த மடிப்பைப் பிரித்து, நுனியை மட்டும் மடித்து மறுபடி தைத்தார். மூன்று ஊசி உடைந்தது. பட்டன் எட்டிவிட்டது.

"பாத்தியாடா, எப்படி உக்காருதுன்னு?"

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சால்வையோடு வந்தாள். ஏறும் முன் அந்த ஓரத்தை விரலால் தடவினாள். புதுத் தையலுக்கு மேலே பழைய தையலின் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஜாக்கெட் துணி என்றால் ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும். இந்த மெழுகுத் துணியில் குத்தினால் குத்தியதுதான்.

"பிரிச்சுத் தைச்சீங்களா?"

"லேசா. ஒரே ஒரு இடத்துல."

அவள் குனிந்து உள்ளே போனாள். நான் ஹோஸைத் திருப்பினேன். மாமா பின்பக்கம் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக அக்கா எனக்குத் தெரிந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்தவள் மேலே ஒருமுறை பார்த்தாள். சால்வையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, இடது பக்கம் நகர்ந்து, தோளை அந்த ஓரத்தில் சாய்த்துக்கொண்டாள். ஒழுகுகிற இடத்தைத் தேடிப் போகிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது.

"உள்ள எப்படி இருக்கு?" மாமா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"காஞ்சு கிடக்கு. போதும், நிறுத்தச் சொல்லுங்க."

மாமா படகைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பட்டனாகத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கி என் பக்கம் வந்தாள்.

"மெழுகுவத்தி ரெண்டு வாங்கிட்டு வா, ஓரத்துல தேய்க்கணும். மாமாகிட்ட சொல்லாத."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகும்போது சால்வை ஒரு பக்கம் நழுவியது. தோளில், தையல் போட்டாற்போல ஒரே சீராக, ஈரப் புள்ளிகள்.