வாங்க என்று ஒரு வார்த்தை

பெண் பார்க்க வருகிறவர்களை வாசலில் நின்று ஒவ்வொருவராக ‘வாங்க’ என்று கேட்காவிட்டால் கொங்கு நாட்டில் அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. திருமூர்த்திக்கு இது தெரியாதா என்ன? தனக்குப் பார்க்கின்சன் என்று வெளியே தெரிந்தால் மகள் ரித்திகாவை யார் கட்டுவார்கள்? “பரம்பரைச் சீக்கு மாதிரி இருக்குது” என்று ஊர் ஒரே பேச்சாக முடித்துவிடும்.

கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் டாக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். “மூளைக்கு அடியில ஒரு நரம்பு முடிச்சு இருக்குதுங்க. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாதிரி. கால் நல்லாத்தான் இருக்குது, ஸ்டார்ட்டர்தான் எடுக்கலீங்க.” மாத்திரை போட்டால் முக்கால் மணி நேரத்தில் எடுக்கும். அப்புறம் இரண்டு மணி நேரம் ஓடும், மறுபடி நின்றுபோகும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாக அவிநாசி மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். மனைவி மாரியாத்தாள் மூன்று மணிக்கே மாத்திரை கொடுத்தாள். அவிநாசிக்காரர்கள் கிளம்ப நேரமாகிவிட்டது. ராகுகாலத்தில் பெண் வீட்டுப் படி ஏறுவதா என்று வழியில் உறவுக்காரர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆறேகாலுக்குக் கார் வந்தபோது, அப்போதுதான் அடுத்த மாத்திரையை விழுங்கியிருந்த திருமூர்த்தி நிலைப்படியில் அப்படியே நின்றுபோனார். கால் நகரவில்லை. வாய் திறக்கவில்லை. முகத்தில் ஒரு சிரிப்புகூட வரவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா குமாரசாமி செருப்பைக் கழற்றாமலே நின்றார். “ஏனுங்க, நாங்க வந்தது புடிக்கலீங்களா?”

திருமூர்த்தியின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

மாரியாத்தாள் குறுக்கே வந்தாள். “மன்னிச்சுக்கோங்க. மத்தியானம் கொஞ்சம் குடிச்சுப்போட்டாருங்க.”

பாவி! ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு சொட்டுத் தொட்டவரில்லை. குடிக்கிறான் என்று கூடப்பிறந்த தம்பியை வாசலில் ஏற்றாதவர். அவன் சாவுக்கும் போகாதவர்.

குமாரசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அட, இவ்வளவுதானுங்களா! நான் ஏதோ சீக்காக்கும்னு பயந்துபோட்டனுங்க.” சிரித்தபடி அவரைத் தாண்டி எல்லோரும் உள்ளே போனார்கள். மாரியாத்தாள் அவரைச் சுவரோரம் சாய்த்து நிறுத்திவிட்டுக் காபி கலக்கப் போனாள். நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

ஏழு மணிக்கு மாத்திரை வேலை செய்தது. கை அடங்கியது, கால் இளகியது. நான் குடிக்கிறவன் இல்லைங்க என்று சொல்ல இப்போது நாக்கும் இருந்தது. நிமிர்ந்து, சுத்தமாக ஓர் அடி வைத்தார்.

மாரியாத்தாள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். “இத்தனை சீக்கிரம் தெளிஞ்சா சந்தேகப்படுவாங்க. கொஞ்சம் ஆடிக்கிட்டே வாங்க” என்றாள் காதோரமாக.

திருமூர்த்தி கூடத்தில் நின்றிருந்த மகளைப் பார்த்தார். பிறகு நன்றாக நடக்க வந்த காலைத் தள்ளாட விட்டு, கூடத்துக்குள் போய், “வாங்க... வாங்க...” என்று குழறினார்.

கூடமே சிரித்தது. ரித்திகாவும் சிரித்தாள்.